டாக்டர் எத்திராஜ் ‘ஓநாய்’ என்று எழுதிய நாள்

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை, இரண்டாவது வகுப்பை முடித்துவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்தபோது எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு காத்திருந்தது. “மேடம், நான் தேவி. டாக்டர் எத்திராஜ் பொண்ணு. அப்பா காலைல காபி குடிச்சிட்டு பேப்பர் பார்த்துட்டிருந்தாரு. அப்படியே போயிட்டாரு.” “வர்றேன்மா” என்றேன்.

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் இருந்த அவர் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. சந்தில் நின்றவர்களில் பாதிப் பேர் தெருக்காரர்கள். மீதிப் பேர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய அத்திபெலேயிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த ஆட்டுக்காரர்கள். ஓநாய்களைக் காப்பாற்ற வேலை செய்யும் நம் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், “இவங்க எதுக்கு வந்திருக்காங்க?” என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. டாக்டரைத் தெரிந்தவர்களுக்குப் பதில் தெரியும், தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

அவர் அரசாங்கக் கால்நடை மருத்துவர். தொண்ணூறுகளில் அந்த எல்லையோரத்துக் கால்நடை மருந்தகம் ஒன்றில் வேலை பார்த்தார். ஆட்டை ஏதாவது அடித்துவிட்டால், அடித்தது எது என்று சான்றிதழ் எழுதுவதும் அவர் வேலை. ஓநாய் என்று எழுதினால் நஷ்டஈடு கேட்கலாம்; நாய் என்றால் ஒன்றும் கிடையாது. ஆகவே ஆட்டுக்காரர்களுக்கு எல்லாமே ஓநாய். எங்களைப் போன்றவர்களுக்கு, உண்மையைச் சொன்னால், எல்லாமே நாய்.

இரண்டு கட்சிக்கும் நடுவே அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து செத்த ஆட்டின் கழுத்துத் தோலை உரிப்பார். ஆட்டின் சொந்தக்காரரையே தண்ணீர் ஊற்றச் சொல்வார். மேலே பார்த்தால் எல்லாக் கடியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தோலுக்கு அடியில்தான் தெரியும்: உயிரோடு இருக்கும்போது விழுந்த பல்லுக்கு ரத்தம் கட்டியிருக்கும், செத்த பிறகு விழுந்ததற்குக் கட்டாது. ஓநாய் பெரும்பாலும் தொண்டையைப் பிடித்து முடித்துவிடும். நாய்கள் பின்தொடை, விலா என்று கண்ட இடத்தில் கடித்துப்போட்டுப் போய்விடும். பார்த்ததை எழுதி, உரக்க வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். “செத்த ஆடு பொய் சொல்லாது மேடம், நின்னு பேசற நாமதான்” என்பார்.

அந்தக் கைகளோடு மதியம் சாப்பிட உட்கார்ந்தால் நான் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வேன். “சோப்பு போட்டாச்சு மேடம், ரெண்டு தடவ. என் சம்சாரம்கூட இவ்வளவு தூரம் தள்ளி உக்கார மாட்டா” என்று சிரிப்பார்.

ஒரு வருடம் கோடையில், அந்தப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு வெளியே பாறைகளுக்கிடையில் ஒரு ஓநாய்க் குகையை நாங்கள் கண்டுபிடித்திருந்தோம். நான்கு குட்டிகள். பத்து நாள் கழித்து, அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் முனியப்பா என்பவரின் சினையாடு செத்துக் கிடந்தது. டாக்டர் வருவதற்கு முன்பே நான் போய்விட்டேன். இன்றுவரை நான் வெட்கப்படும் காரியத்தை அன்று செய்தேன். தோலை உரிக்காமலே, கூடி நின்றவர்களிடம் “இது நாய் வேலை” என்று சொல்லிவிட்டேன்.

முனியப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சும்னே வாய்க்கு வந்ததைச் சொல்லாதீங்கம்மா. செத்தது என் ஆடு.”

டாக்டர் வந்தார், உரித்தார். தொண்டையில் இரண்டே ஓட்டைகள், சுற்றிலும் கறுத்த ரத்தம். அவரைத் தனியே கூப்பிட்டு மெல்லிய குரலில் பேசினேன்.

“டாக்டர், ஓநாய்னு எழுதினீங்கன்னா இன்னிக்கே குகைக்குப் புகை போட்டுடுவாங்க. நாலு குட்டி.”

“தெரியும் மேடம்.”

“ஒரு தடவ நாய்னு எழுதிட்டா என்ன?”

“ஓநாய்க்கு வக்கீல் வேணாம் மேடம். சாட்சி போதும்.”

திரும்பிப் போய் ‘ஓநாய்’ என்று எழுதி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். பிறகு அதே குரலில், குகையைத் தொடுவது குற்றம் என்றும் சொன்னார். வனத்துறைக்கும் அங்கிருந்தே ஆள் அனுப்பினார். ஆனால் வனத்துறையினர் வருவதற்குள் குகை வாயில் முள்ளும் வைக்கோலும் எரிந்து முடிந்திருந்தன. நான்கு குட்டிகளும் உள்ளேயே கிடந்தன. அதன்பின் ஏழெட்டு மாதம் நான் அவரோடு பேசவில்லை. அவர் இரண்டு முறை கல்லூரிக்குத் தொலைபேசி செய்தார். வகுப்பில் இருப்பதாகச் சொல்லச் சொன்னேன்.

அடுத்த வருடம் அதே ஊரில், விடியற்காலையில் வெளியே போன ஒரு சிறுமியின் கையை ஏதோ ஒரு மிருகம் குதறிவிட்டது. குழந்தை பிழைத்துக்கொண்டாள். ஆனால் ஓநாய் மனிதர்களைத் தின்னத் தொடங்கிவிட்டது என்று இரண்டு நாளில் பேச்சுப் பரவியது. சுட்டுக்கொல்ல அனுமதி கேட்டு மனு தயாரானது. துப்பாக்கி வைத்திருந்த பக்கத்து ஊர்ப் பண்ணைக்காரர் ஒருவர் ஜீப்பில் வந்து பார்த்துவிட்டும் போனார். கையெழுத்து வாங்க ஊர் கூடிய அன்று நாங்களும் போனோம். டாக்டரும் வந்திருந்தார். குழந்தை கடிபட்ட அதே காலையில் கடிபட்டுச் செத்த இரண்டு வெள்ளாடுகளை அவர் முன்பே உரித்துப் பார்த்திருந்தார்.

“தொடையில, வயித்துல, காதுல, எல்லா இடத்துலயும் கடி. ஒரு வாய்கூடத் தின்னலை. இது நாய். வெறி புடிச்ச நாயா இருக்கலாம். பாப்பாவுக்கு ஊசி ஒண்ணுகூட விடாதீங்க” என்றார்.

கூட்டம் பொங்கியது. “பெங்களூர்க்காரங்க எல்லாம் ஓநாய்க்கு மாமன் மச்சான்!” என்று ஒருவர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள்.

டாக்டர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். “ஓநாயைச் சுட்டுட்டு நிம்மதியா தூங்குவீங்க. கடிச்சது உங்க தெருவுலயே சுத்திக்கிட்டிருக்கும். அடுத்தது யார் வீட்டுப் புள்ளை?”

மனு இன்னும் கைமாறிக்கொண்டிருந்தது. அது முனியப்பாவிடம் வந்தபோது அவர் பேனாவை வாங்கவில்லை.

“என் ஆடு செத்தப்ப இந்தம்மா தொட்டுக்கூடப் பார்க்காம நாய்னாங்க,” என்று என்னைக் கைகாட்டினார். “இவரு உரிச்சுப் பார்த்து ஓநாய்னு எழுதினாரு. இந்தம்மா ஆளுங்க எதிர்லயே எழுதினாரு. புகை போட்டது நான்தான், இல்லேங்கல. அன்னிக்கு ஓநாய்னவரு இன்னிக்கு நாய்ங்கிறாரு. நான் நாயைத்தான் தேடப் போறேன்.”

அவர் பின்னால் நான்கு பேர் எழுந்தார்கள், பிறகு பத்துப் பேர். மூன்றாம் நாள், பழைய செங்கல் சூளையில் எச்சில் ஒழுக ஒடுங்கிக் கிடந்த நாயைக் கண்டுபிடித்தார்கள். தலையைப் பரிசோதனைக்கு அனுப்பியதில் வெறிநோய் உறுதியானது. குழந்தைக்கு ஊசிகள் ஒழுங்காகப் போட்டு முடித்தார்கள். மனுவைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை. அந்தப் பக்கம் ஓநாய்கள் இன்றும் இருக்கின்றன. நிறைய இல்லை, இருக்கின்றன.

கதையை இந்த இடத்தில் முடித்தால் அவர் ஜெயித்தவராகத் தெரிவார். அவருக்காக நம் குழு நடத்திய இரங்கல் கூட்டத்தில் பேசிய மூன்று பேரும் அப்படித்தான் முடித்தார்கள். எனக்கு அது போதவில்லை. ஊர்க் கூட்டம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது, என்னவோ என்னை உறுத்த, கேட்டுவிட்டேன்: “அன்னிக்கு நீங்க நாய்னு எழுதியிருந்தா அந்த நாலு குட்டியும் பிழைச்சிருக்கும், இல்லையா டாக்டர்?”

அன்று உண்மையை எழுதியதால்தான் இன்று ஊர் நம்பியது என்று சொல்லிக் கணக்குத் தீர்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு அந்த உரிமை இருந்தது. பஸ் பொம்மனஹள்ளியில் நின்றபோது சொன்னார்: “பிழைச்சிருக்கும் மேடம். அதுக்கு இது ஈடாகாது. இப்பவும் அப்படியேதான் எழுதுவேன். ஆனா ஈடாகாது.”

எதையும் எளிதில் நம்பாதவள் என்று என்னைப் பற்றி நம் குழுவில் சொல்வார்கள். அது உண்மைதான். நேர்மைக்குப் பலன் உண்டு என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. ஆனால் சரியானதைச் செய்துவிட்டு, அதனால் போன உயிர்களையும் தன் கணக்கிலேயே வைத்துக்கொண்டிருந்த ஒருவரோடு நான் வேலை செய்திருக்கிறேன். “ஈடாகாது” என்ற அந்த ஒரு சொல்தான் அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது.