எமில்டா ரீச்சரும் ஒரு வினைச்சொல்லும்

மருதனார்மடம் சந்தியில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு நின்றபோது செய்தி வந்தது. குருநகரிலிருந்து வந்த எமில்டா ரீச்சரின் தம்பி என்னைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கினார். “அக்கா விடியப்புறம் போயிட்டா, மாஸ்ரர். நெஞ்சு நோகுது எண்டவ. அவ்வளவுதான்.”

ரீச்சரோடு ஒரே பாடசாலையில் ஆங்கிலம் கற்பித்தவன் நான். அவரை அறிந்த உங்களுக்கு அந்த உரத்த சிரிப்புத் தெரியும். கன்னியாஸ்திரியாவதற்கு ஸ்பெயின் சென்று, சில வருடங்களில் மனம் மாறித் திரும்பியவர் என்பதும் தெரியும். காரணம் கேட்டால், “செபம் பிடிச்சது, மாஸ்ரர். வாயை மூடிக்கொண்டு இருக்கிறதுதான் பிடிக்கேல்லை” என்பார்.

அந்த ஸ்பானிய மொழி எங்கள் ஊருக்குப் பயன்படும் என்று யார் நினைத்தது? மின்சாரமும் பெற்றோலும் இல்லாமற்போன சண்டைக் காலத்தில், ஸ்பெயினிலிருந்து ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கெட்டிக்காரர், ஆங்கிலம்தான் அரைகுறை. எங்கள் டொக்டர்மார் ஆங்கிலத்தில் சொல்வதை அவருக்கு மொழிபெயர்க்க, பள்ளி விட்டதும் ரீச்சர் போவார். துணைக்கு நானும் போவேன்.

ஒரு பின்னேரம், உரும்பிராயில் வெங்காயத் தோட்டத்தில் ஷெல் விழுந்து காயப்பட்ட கௌரி என்ற பிள்ளை அங்கே கிடந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, காயம் பழுக்கத் தொடங்கியிருந்தது. காலை எடுப்பதென்று முடிவாகிவிட்டது. ஒப்பரேஷன் தியேட்டர் வாசலில் தாய் அழுதழுது ஏதோ சொன்னார். தூக்கமில்லாமல் நின்ற எங்கள் இளம் டொக்டர் அதை ஆங்கிலத்தில் சுருக்கினார்: தாய் காலைப் பற்றி ‘ஆஸ்க்’ பண்ணுகிறார்.

ரீச்சர் வாயைத் திறந்தார், உடனே மூடினார். ஆங்கிலத்தில் ஒரே ‘ஆஸ்க்’. ஸ்பானிய மொழியில் அது இரண்டாகிவிடும். விவரம் அறியக் கேட்டால் ‘பிரெகுந்தார்’. ஒன்றைத் தரும்படி கேட்டால் ‘பெதிர்’. முதலாவதைச் சொன்னால், காலை ஏன் எடுக்கிறோம் என்று நிபுணர் விளக்கிவிட்டு உள்ளே போய்விடுவார்.

“நில்லுங்கோ டொக்டர். உது எந்த ஆஸ்க்?”

“ரீச்சர், நேரமில்லை!”

ரீச்சர் தாயின் கையைப் பிடித்தார். எங்கள் ‘கேள்’ என்ற சொல்லுக்கும் அதே இரண்டு முகம் உண்டல்லவா! “தங்கச்சி, என்ன நடக்குமெண்டு அறியக் கேக்கிறீரோ, இல்லாட்டி ஏதும் தரச்சொல்லிக் கேக்கிறீரோ?”

“தரச்சொல்லித்தான் கேக்கிறன், அக்கா. ஒரு நாள் தரச்சொல்லுங்கோ. நாளைக்கும் உப்பிடியே இருந்தா வெட்டட்டும். நான் மறிக்கமாட்டன்.”

ரீச்சர் ‘பெதிர்’ என்று சொன்ன வேகத்தில் விறாந்தையே திரும்பிப் பார்த்தது. நிபுணர் போய்ப் பிள்ளையின் பாதத்தைத் தொட்டார். விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். பாதம் சூடாகத்தான் இருக்கிறது, இரத்தம் ஓடுகிறது, காயத்தைத் திறந்து துப்புரவாக்கி நாளை வரை பார்க்கிறேன், காய்ச்சல் ஏறினால் அந்த நேரமே எடுப்பேன் என்றார். ரீச்சர் அந்தக் கடைசி வசனத்தையும் மறைக்காமல் தாய்க்குச் சொன்னார்.

மறுநாள் எங்கள் இருவருக்கும் பாடமே ஓடவில்லை. மணி அடித்ததும் சைக்கிளில் பறந்தோம். தாய் எங்களைக் கண்டு ஓடிவந்தார். “காய்ச்சல் இறங்கிட்டுது, அக்கா! வெட்டேல்லையாம்!” ரீச்சர் துள்ளினார். ஐம்பது வயதில், சேலையோடு, உண்மையாகவே துள்ளினார். கௌரி இன்று சற்று நொண்டுகிறாள். ஆனால் இரண்டு காலாலும் நடக்கிறாள்.

“சொல் பிழைச்சால் புள்ளி குறையுமெண்டுதான் பிள்ளையளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தனான், மாஸ்ரர். கால் போகுமெண்டு இப்பதான் தெரியும்” என்றார் ரீச்சர், திரும்பும் வழியில்.

நிபுணர் ஊர் திரும்புமுன் சிறிய பிரியாவிடை வைத்தோம். உங்களை ‘மிஸ்’ பண்ணுவோம் என்று நான் ஆங்கிலத்தில் சொல்ல, ரீச்சர் ‘எக்ஸ்த்ரன்யார்’ என்ற சொல்லைப் போட்டார். நிபுணர் புன்னகைத்தார். அடுத்த நாள் முதற் பாடவேளையிலேயே ரீச்சர் என் வகுப்பு வாசலில் மூச்சிரைக்க நின்றார்.

“மாஸ்ரர், வெளிக்கிடுங்கோ! நேற்று நான் சொன்னது மடத்திலை இருந்த ஒரு மெக்சிக்கோ சகோதரியிட்டைப் பழகின சொல். அவரின்ரை ஊரிலை, வீட்டிலை, ‘மிஸ்’ பண்ணுறதுக்குச் சொல்லுறது ‘எச்சார் தே மேனோஸ்’.”

“நேற்றே அவருக்கு விளங்கியிருக்குமே, ரீச்சர்?”

“விளங்கினாப் போதுமோ?”

நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர, நிபுணரை ஏற்றிய வாகனம் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. ரீச்சர் சைக்கிளை மிதித்து அதன் பக்கமாகப் போய், யன்னலைப் பார்த்து அந்த மூன்று சொல்லையும் கத்தினார். நிபுணர் தலையை வெளியே நீட்டினார். நெஞ்சில் கைவைத்து, அதே மூன்று சொல்லைத் திருப்பிக் கத்தினார். வாகனம் மறையும்வரை இருவரும் கத்திக்கொண்டேயிருந்தார்கள்.

எமில்டா ரீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தத் திருப்தியில்லாமையைத்தான். விளங்கினால் போதாது என்று என்னை வகுப்பிலிருந்து கிளப்பிக்கொண்டு போன அந்த அவசரத்தை. இதை எழுதும்போதும் ஒரு சொல்லை வெட்டிவிட்டு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.