ஏழாவது ஆள்

பனியக்கா என்றால் அந்த ஏரிக்கரை ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாஷை படிக்க வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை மத்தியானம் மலைப்பாதையில் நடக்கக் கூட்டிப்போவதுதான் அவள் உத்தியோகம். பள்ளிக்கூட விளம்பரத்தில் நீல ஏரியும் பச்சை மலையும் பளிச்சென்று இருக்கும். மூன்று மணிக்கு மேல் ஏரியிலிருந்து ஏறிவரும் மூடுபனியைப் பற்றி மட்டும் ஒரு வரி இருக்காது. படம் பிடித்தவன் காலையிலேயே மூட்டை கட்டியிருப்பான்.

பனிக்குள் மாட்டினால் அக்காவுக்கு ஒரே வழிதான். முன்னால் நடந்தபடி "எண்ணுங்க!" என்பாள். பின்னால் வருகிறவர்கள், படிக்கிற பாஷையிலேயே, ஒன்று இரண்டு என்று ஆளுக்கொரு எண் சொல்ல வேண்டும். பாடத்துக்குப் பாடம், காவலுக்குக் காவல். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருத்தரைக்கூட விட்டதில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம். இருக்காதா பின்னே!

அன்று ஒன்பது பேர். ஏழாவது ஆள் நெட்டையன். நல்ல பையன், ஆனால் பாஷை மட்டும் நாக்கில் ஏறவே ஏறாது. தன் எண்ணைச் சொல்வதற்குள் தொண்டையைச் செருமி, தப்பாகச் சொல்லி, தானே சிரித்துவிடுவான். பனி சூழ்ந்தபின் முதல் நாலு தடவையும் அப்படித்தான் சொன்னான். ஐந்தாவது தடவை "ஏழு" என்று கணீரென்று வந்தது, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன் சொல்கிற மாதிரி.

"அட, சபாஷ்டா நெட்டையா! இன்னைக்குத்தான் உன் வாயில பாஷை வந்திருக்கு" என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமலே.

பதிலுக்கு வழக்கமான சிரிப்பு வரவில்லை. வெட்கப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டு நடந்தாள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு தடவையும் ஏழு தப்பில்லாமல் வந்தது.

பள்ளிக்கூட வாசலில் பனி விலகியபோது எட்டுப் பேர்தான் நின்றார்கள்.

"நெட்டையன் எங்கே?"

எட்டாவதாக வந்த பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. "கடைசி வரைக்கும் எனக்கு முன்னாடி குரல் கேட்டுச்சே, அக்கா!"

அக்காவுக்குப் பாராட்டின வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. எட்டுப் பேரையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, தனியாக மறுபடியும் மலைப்பாதைப் பனிக்குள் ஓடினாள்.

"நெட்டையா! எண்ணுடா!"

அவள் தோளுக்குப் பக்கத்திலேயே "ஏழு" என்று கணீரென்று கேட்டது. கையை வீசினாள். யாருமில்லை. ஆனாலும் அவள் நிற்கவில்லை. அப்போது கீழே எங்கோ யாரோ தொண்டையைச் செருமுவது கேட்டது. அந்தச் செருமலை விடாமல் பிடித்துக்கொண்டு தவழ்ந்தே இறங்கினாள்.

ஏரிப் பாறையின் நுனியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான் நெட்டையன். செருப்பு இரண்டும் தண்ணீருக்குள் இருந்தன. சட்டையைப் பிடித்து இழுத்து, அவனைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள்.

"பாதையை விட்டு ஏன்டா வந்தே, பாவி?"

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்து, தொண்டையைச் செருமி, வார்த்தை வார்த்தையாகத் தட்டுத்தடுமாறிச் சொன்னான்.

"நீங்கதானே அக்கா கூப்பிட்டீங்க. இன்னும் ஒரு அடி, இறங்குன்னு இப்பக்கூட சொன்னீங்க. என் ஊர் பாஷையில. ரொம்ப நல்லா... என் அம்மா மாதிரி."

அக்காவுக்கு அந்தப் பாஷையில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது.