வலைப்பந்து ஆடிய கால்கள்

“இது வலைப்பந்து ஆடின கால். இனி மாறாது.” கொழும்பில் நான் வேலைக்குச் சேர்ந்த கம்பனியின் கூடைப்பந்துப் பயிற்சியாளர், என் முகத்தைப் பார்க்காமல் கால்களைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னார்.

அவர் சொன்னது பொய்யில்லை. மாத்தளைப் பக்கம் பலாபத்வலைக்கு மேலே எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்து மட்டும்தான். அதில் பந்தைப் பிடித்தவள் ஓடக் கூடாது. நின்ற இடத்திலிருந்தே அடுத்தவளிடம் வீச வேண்டும். கூடைப்பந்தில் தரையில் தட்டிக்கொண்டே ஓடலாம். அது எனக்குத் தெரிந்திருந்தது, என் கால்களுக்குத் தெரியவில்லை. பந்து கைக்கு வந்ததும் ஆணி அடித்தாற்போல நின்றுவிடுவேன். என் உயரத்தைப் பார்த்துத்தான் எடுத்திருந்தார்கள். அணியில் இடம் கிடைத்தால் கிளார்க் வேலை நிரந்தரமாகும். இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும். எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். தோற்றுப்போய்த் தோட்டத் தொழிலாளர் லய வீட்டுக்குத் திரும்ப என் மனம் இடம் கொடுக்கவில்லை.

அணியைத் தெரிவு செய்யும் ஆட்டத்துக்கு அக்கா லீவு போட்டு வந்தாள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, கொழும்புத் துணிக்கடையொன்றின் வாசலில் நின்று ஆட்களைக் கூப்பிடுபவள் அவள். விளையாட்டின் சட்டம் ஒன்றும் தெரியாது. ஆனால் நான் நிற்பது தெரிந்தது.

“ஏய் புள்ள! பஸ்ஸுக்கா நிக்கிற? போ!”

அந்த மண்டபத்தில் கேட்ட ஒரே தமிழ்க் குரல். எதிரணிப் பெண்ணொருத்திக்குப் புரிந்திருக்க வேண்டும், சிரித்தாள். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். அடுத்த பந்து வந்ததும் அந்தக் குரலிடமிருந்து தப்பத்தான் ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது நான் எறிந்த பந்து வலைக்குள் விழுந்துகொண்டிருந்தது. முடிந்ததும் அக்கா சோற்றுப் பார்சலை நீட்டி, “நிக்கிறதுக்கா இவ்வளவு தூரம் வந்த?” என்றாள்.

அதன்பின் கம்பனி அணியில் இடம், தேசிய அணி, தொலைக்காட்சி, மாத்தளை பஸ்ஸில் செல்பி கேட்கும் பிள்ளைகள். எனக்குப் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

இந்த வருடம் கம்பனி பெண்கள் அணியைக் கலைத்தது. வேலை மட்டும் மிஞ்சியது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

“ஃபேனுக்குக் கீழ நாக்காலி. இதுக்கு மேல என்ன வேணும்? ஓடினது போதும் தங்கச்சி,” என்றாள் அக்கா.

நாள் முழுக்க உட்கார விடாத கடை அவளுடையது. நாற்காலியின் அருமை அவளுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்த நாற்காலியில் என்னால் அடங்கி இருக்க முடியவில்லை. மேசைக்கடியில் கால்கள் ஆடிக்கொண்டே இருந்தன. கோப்பைத் திறந்தால் எழுத்து ஓடாது. மணி ஐந்தானால் பயிற்சிக்குப் போக இடமில்லை.

மாலைதீவுக் கழகம் ஒன்று ஒரு பருவம் ஆட அழைத்திருந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டு, நேற்றுக் காலை இராஜினாமாவையும் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். முதலில் அவளிடம் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.