டாக்டரின் சங்கும் என் ஆறு மாதமும்

அருங்காட்சியக வழிகாட்டி வேலை என்பது, இறந்துபோன ஒருவருக்காக உயிரோடு இருப்பவர்களிடம் பதில் சொல்வது. கூட்டத்தின் முன்னால் நின்று பேசிப் பிழைக்கும் நண்பர்களுக்கு என் பாடு புரியும். பஹ்ரைனில் ஒரு சின்னத் தனியார் அருங்காட்சியகம் அது. எனக்கு ஒதுக்கிய அறை, வெள்ளைக்காரர் காலத்தில் இங்கே வைத்தியம் பார்த்த ஒரு டாக்டருடையது. நோயாளிகளைப் பார்த்தது போக மீதி நேரமெல்லாம் படகேறித் தீவு தீவாகப் போய்ச் சிப்பி, பல்லி, பறவை முட்டை என்று சேர்த்தவர். நான் விலங்கியல் பட்டதாரி, எங்கள் வீட்டில் முதல் பட்டதாரியும்கூட. ஆறு மாதம் ப்ரொபேஷன். தேறினால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் சிவகங்கைக்கு டிக்கெட்.

காது வலி

முத்துக் குளிப்பவர்கள் காது வலி என்று வந்தால், டாக்டர் முதலில் அவர்கள் கையில் இருக்கும் சிப்பியை வாங்கிப் பார்ப்பாராம். காதைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். ஈசா டவுன் இந்தியப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகளிடம் இதை மனப்பாடமாக ஒப்பித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு சிறுமி மட்டும் சிரிக்காமல் கையைத் தூக்கினாள். "அங்கிள், அந்த டாக்டருக்கு நான் ஒன் ஸ்டார்தான் குடுப்பேன்."

கண்ணாடிக் குடுவை

வெள்ளிக்கிழமைகளில் லேபர் கேம்பிலிருந்து நம்மவர்கள் வருவார்கள். ஏசி காற்று வாங்கத்தான் வருகிறார்கள் என்றாலும் நான் எதையும் விடாமல் விளக்குவேன். ஒருநாள் குடுவையில் இருந்த பல்லியைக் காட்டி, இதற்காக டாக்டர் மூன்று நாள் ஒரு தீவில் காத்திருந்தார் என்றேன். பெரம்பலூர்க்காரர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு வருத்தப்பட்டார். "எங்க ரூமுக்கு வந்திருந்தா மூணே நிமிஷத்துல பிடிச்சிருக்கலாமே சார்!"

அறையின் நடுவில்

அறையின் நடுவில் ஒரு பெரிய வெண்சங்கு இருக்கிறது. 'இந்தத் தீவுக் கரையில் டாக்டர் கண்டெடுத்தது' என்று ஆங்கில லேபிள். ஐந்து மாதமாக நானும் அதையே கையை விரித்து விரித்துச் சொல்லி வந்தேன். தங்கச்சிமடத்திலிருந்து வந்து இங்கே படகில் வேலை பார்க்கும் அந்தோணி அண்ணன் ஒருநாள் என் விளக்கம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "தம்பி, இது எங்க பக்கத்துச் சங்கு. இந்தக் கடல்ல பதினோரு வருஷமா வலை போடுறேன், ஒண்ணுகூட ஏறுனதில்ல" என்றார்.

புத்தகங்களைப் புரட்டினேன். அவர் சொன்னதுதான் சரி. வாசலில் செக்யூரிட்டியாக உட்காரும் கீழக்கரை காதர் பாயிடம் போய்ப் புலம்பினேன். அவர் கொஞ்சமும் அசையவில்லை. "எனக்கு வந்த முதல் நாளே தெரியும் தம்பி. இங்கிலீஷ்லயும் எழுதியிருக்கு, படிச்ச புள்ள நீங்களும் சொல்றீங்க. நடுவுல நான் யாரு?"

மேடம்

ப்ரொபேஷன் முடிய ஒரு வாரம் இருந்தது. அந்த லேபிளை எழுதியது எங்கள் மேலாளர் மரியம் மேடம். என் வேலையை முடிவு செய்ய வேண்டியவரும் அவர்தான். "ஒரு வாரம் வாய மூடிக்கிட்டு இருங்க, கையெழுத்து ஆனதும் சொல்லிக்கலாம்" என்றார் காதர் பாய். நல்ல யோசனைதான். ஆனால் மறுநாள் காலை ஒரு குழுவை அந்தச் சங்குப் பக்கமே விடாமல் சுவரோரமாக நடத்திக் கூட்டிப் போனேன். அப்படி இன்னும் ஆறு நாள் நடத்த என்னால் முடியாது என்று தெரிந்தது. போய்ச் சொல்லிவிட்டேன்.

மேடம் டாக்டரின் குறிப்பேட்டை எடுத்தார். எந்தக் காலத்திலும் டாக்டர் கையெழுத்து டாக்டர் கையெழுத்துதான். பூதக்கண்ணாடி வைத்து இருவரும் கால் மணி நேரம் போராடினோம். 'மன்னார்ப் பக்கத்து மாலுமி தந்தது' என்று இருந்தது. மேடம் கண்ணாடியைக் கீழே வைத்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னது தமிழில் இதுதான்: "மீதி அறுநூறு லேபிளையும் நான்தான் எழுதினேன். அத்தனையையும் சரிபார்த்து முடிக்காமல் நீ ஊருக்குப் போக முடியாது."

தீவு தீவாக அலைந்து டாக்டர் சேர்த்ததையெல்லாம் இப்போது ஒரே நாற்காலியில் உட்கார்ந்து நான் சந்தேகப்படுகிறேன், அதற்கு விசாவும் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.