உயர்த்திய தாங்கி

"தண்ணித் தாங்கிய இன்னும் ஒரு ஆள் உயரம் தூக்கி வச்சாப் போதும் அம்மா, ஷவர்ல சுடுதண்ணி விசையா விழும்" என்றார் குழாய் திருத்த வந்தவர். நியாயமான பேச்சுத்தான். இப்போது தண்ணீரை மேலே ஏற்ற மோட்டர் இருக்கிறது. ஆனாலும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "உயர்த்த வேண்டாம், குழாயப் பெரிசாப் போடுங்கோ" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவருக்கு என் ஞானத்தகப்பனைத் தெரியாது.

வெள்ளைக்காரன் காலத்தில் அவர் மன்னாரில் துரைக்குக் கீழே கட்டட வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர். ஞானஸ்நானத்தில் என்னை ஏந்தியவர் என்பதால் எங்கள் வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. என்னைப் பெற்ற ஐயாவைக் கடல் கொண்டுபோனபோது அம்மாவின் வயிற்றில் பிள்ளை. துரை பங்களாவில் தண்ணீர் அள்ளும் வேலையை அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதற்காக அவரைக் கும்பிட்டிருக்கிறோம்.

மன்னார் வெயிலில் துரைசானிக்குச் சுடுதண்ணீர்க் குளிப்பு! குளியலறைக்குப் பின்னால் செங்கல் அடுப்பில் ஒரு செப்புப் பீப்பா, அதற்கு மேலே கூரை மட்டத்தில் ஒரு தாங்கி. அம்மா பக்கத்துக் கற்படிகளில் ஏறித் தாங்கியை நிரப்புவார். அந்தத் தண்ணீர் இறங்கி, பீப்பாவில் சுட்டு, மெல்லிய குழாய் வழியே துரைசானியின் தலையில் விழும். விழும் என்பது பெரிய வார்த்தை, சொட்டும். துரைசானி ஒருநாள் முகத்தைச் சுளித்துவிட்டார். அவ்வளவுதான், ஓவசியருக்கு உலகமே இடிந்துவிட்டது.

பெரிய குழாய் போட்டிருக்கலாம். கீழிருந்து தண்ணீர் ஏற்ற ஒரு கைப்பம்பு கேட்டிருக்கலாம். துரையிடம் செலவு கேட்க அவருக்கு வாய் வரவில்லை. பனங்குற்றிகளை நட்டு, தாங்கியைக் கூரைக்கு மேலே தூக்கி வைத்தார். ஏறுவதற்கு ஓர் ஏணி.

"ஓவசியர் அண்ணை, வயித்துப் பிள்ளையோட வாளியும் தூக்கி இதில ஏற ஏலாது. ஒரு பம்பு கேளுங்கோவன்" என்று அம்மா கெஞ்சியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"கொஞ்ச நாளைக்குச் சமாளி தங்கச்சி. துரைசானி இப்பதான் சந்தோசமாக் குளிக்கிறா" என்றார்.

துரைசானி சந்தோசமாகத்தான் குளித்தார். உள்ளே தண்ணீர் சோவென்று கொட்டும் சத்தம் முற்றம் வரை கேட்கும். அம்மா ஒரு கையால் ஏணியையும் மறுகையால் வாளியையும் பிடித்து, வயிறு உரசாமல் உடம்பை ஒருபக்கம் சரித்தபடி ஏறுவார். ஒருநாள் வாளி பாரத்தில் கால் சறுக்கி அம்மா விழுந்தார்.

தம்பி செத்தே பிறந்தான். உயிரோடு பிறக்காத பிள்ளைக்கு ஞானஸ்நானம் இல்லை என்றார் சுவாமியார். ஞானஸ்நானம் இல்லாததால் கோயில் கல்லறைத் தோட்டமான சேமக்காலைக்குள்ளும் இடமில்லை. ஐயாவின் கடைசிப் பிள்ளையை மதிலுக்கு வெளியே, தாழை மறைவில் புதைத்தார்கள்.

அம்மா எழுந்து நடமாடத் தொடங்கியதும் ஞானத்தகப்பன் வந்தார், கையில் ஒரு வாசனைச் சவர்க்காரத்தோடு.

"துரைசானி தந்தவ, தங்கச்சி. ஏணியும் திருத்தியாச்சு. நாளைக்கு வாறியா?"

அம்மா அழவில்லை. சவர்க்காரத்தைத் தொடவும் இல்லை.

"அந்த மனிசிட தலையில ஊத்த எவ்வளவு தண்ணி சுமந்தனான். என்ர பிள்ளையிட தலையில விட ஒரு கை தண்ணிக்கு வழியில்லாமப் போச்சு. போங்கோ அண்ணை."

உயிர்த்த ஞாயிறன்று பிள்ளைகள் ஞானத்தகப்பன்மாருக்கு முன்னால் முழங்காலிட்டு ஆசீர் வாங்குவது எங்கள் வழக்கம். அந்த ஆண்டும் அவரிடம் போகப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். அம்மா என்னை உள்ளே வரச்சொல்லி, கதவைச் சாத்தினார்.