மூன்று லெட்சுமிகளும் செபஸ்தியானும்

செபஸ்தியான் இறந்த செய்தி எனக்கு மனிதர் வாயால் வரவில்லை. கண்டி காப்புறுதி அலுவலகத்தில் கம்பியூட்டர் எடுத்துத் தர, நான் காலையில் திறக்கும் சந்தேகப் பட்டியலில் முதல் ஆளாக நின்றார். மரண அறிவித்தல். பிறந்த திகதி ஜனவரி ஒன்று. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து முகவரி, வீட்டு இலக்கம் இல்லை. போலியாக இருக்கலாம், நிறுத்தி வைக்கவும். அடப் பாவி மனுஷா, என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

ஹட்டன் கிளையில் எங்களோடு இருந்தவர்களுக்குத் தெரியும், தோட்டம் தோட்டமாகப் போய்க் காப்புறுதிக்கு ஆட்களைப் பதிந்து வந்த அவரை நான் நம்பியதில்லை. சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். காப்புறுதி அறிக்கைகளில் பிழையான தரவுகளைப் பிடிக்க, பழைய மோசடிக் கோப்புகளைக் காட்டிக் கம்பியூட்டரைப் பழக்கியவளும் நான்தான். முதல் வாரமே அது அவர் பதிவுகளைத் தூக்கிக் காட்டியது. றொசல்லப் பக்கத்துத் தோட்டமொன்றில் மூன்று லெட்சுமிகள், ஒரே லயம், ஒரே பிறந்த திகதி. ஒருத்தியையே மூன்று தடவை பதிந்திருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "ஆளைப் பாத்தீங்களா மிஸ்? பாக்காம எப்படி இல்லன்னு சொல்றீங்க?" என்றார். அவர் சிரித்த சிரிப்பும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. தோட்டத்துக்கு முன்கூட்டிச் சொல்லக்கூடாது என்று நிபந்தனை போட்டு, அன்றே அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துவிட்டு வந்த மூன்று பெண்கள் ஆளுக்கொரு அடையாள அட்டையை நீட்டினார்கள். "பொறப்புப் பதிவு இல்லாதவங்களுக்கெல்லாம் கிளாக்கரய்யா ஜனவரி ஒண்ணுன்னு போட்டுட்டாருங்க" என்றாள் மூத்த லெட்சுமி. "நாங்க மூணு பேரும் ஒரே நாளுல பேரு எழுதிக்கிட்டோம், வருசத்தையும் ஒண்ணாப் போட்டுட்டாரு. என்னப் பாருங்க, நான் இவ வயசா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. திரும்பும் பஸ்ஸில் அவர் சொன்னார்: "மிஷின் மேல கோவமில்ல மிஸ். நீங்க காட்டினதத்தானே அது படிச்சிச்சு." ஜனவரி ஒன்று மோசடி அல்ல என்று எல்லாத் தோட்டங்களுக்கும் அதைப் பழக்குவதாக வாக்குக் கொடுத்தேன். செய்தது அந்த ஒரு தோட்டத்துக்கு மட்டும். நேரில் பார்க்காத தோட்டங்களை நம்ப மனம் வரவில்லை. நான் கண்டிக்கு மாறிய பிறகும் போனில் கேட்பார்: "மத்த தோட்டத்துக்கும் சொல்லிக் குடுத்தீங்களா மிஸ்?" பார்ப்போம், என்பேன். தன் பிறந்த திகதியும் அதுதான் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

மரண அறிவித்தலைக் கண்ட அன்றே உடப்புசல்லாவையில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "பேப்பர்ல ஏதோ கொறைன்னு சொல்றாங்களே மிஸ்? இந்த மனுசன் பொய்யே எழுத மாட்டாரே!"

"அவர்ல ஒரு குறையும் இல்லங்க. குறை என்கிட்டதான்."

மறுநாள் காலை, நிறுத்தி வைத்திருந்த அவர் பதிவைத் திறந்தேன். ஒவ்வொரு பதிவிலும் குறிப்புக்கான இடத்தில் செபஸ்தியான் இரண்டே சொல் எழுதுவார். அதையே எழுதி விடுவித்தேன். மற்றத் தோட்டங்களுக்கும் அன்றே கம்பியூட்டரைப் பழக்கத் தொடங்கினேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த இரண்டு சொல்தான்: ஆளைப் பார்த்தேன். அவர் கேட்டபோதே செய்திருந்தால், அவரையே சவப்பெட்டிக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டு அதை எழுத வேண்டி வந்திருக்காது.