பந்தயக் குழுவுக்குப் பத்திரம் எழுதியவர்

செய்தி வளைகுடாவிலிருந்து வந்தது. தென்காசியில் காலையில் மார்வலி வந்து இறந்துபோன இசக்கியப்பன் அண்ணாச்சியைப் பற்றி, நடந்தே போகும் தூரத்தில் மேலகரத்தில் இருக்கும் எனக்கு, பாலைவனத்தில் கிரேன் ஓட்டும் கடையநல்லூர் சுலைமான் குரல்பதிவில் சொன்னான். "அண்ணே, நம்ம அண்ணாச்சி மவுத்தாயிட்டாகளாம். நீங்க போயிப் பாருங்கண்ணே. எனக்கு இங்கன ஒண்ணும் ஓட மாட்டேங்குது."

எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, பயம். குழுவில் அவரோடு இருந்த உங்களிடம் இதை மறைப்பதில் பயனில்லை. உங்களுக்கும் அதுதான் வந்திருக்கும். பத்துப் பேருக்குக் குறைந்த குழுக்களை அடுத்த மாற்றத்தின்போது கலைத்துவிடுவோம் என்று நாம் கைப்பேசியில் ஆடும் கார்ப் பந்தய விளையாட்டை நடத்துபவர்கள் அறிவித்திருந்தார்கள். அண்ணாச்சியோடு சேர்த்து நாம் பத்துப் பேர். கணக்கில் நான் எப்போதும் மந்தம். அன்று மட்டும் விடை உடனே வந்தது.

அண்ணாச்சி பத்திர எழுத்தர். பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேசை, ஒரு பழைய கணினி, தலைக்கு மேல் சத்தமிடும் மின்விசிறி. நிஜ வாழ்வில் அவருக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. வீட்டுக்குப் போகும் டவுன் பஸ் வளைவில் சாய்ந்தால் முன் கம்பியை இரு கைகளாலும் பிடித்துக்கொள்வார். கைப்பேசியில் மட்டும் மலைப்பாதையில் இருநூறு கிலோமீட்டர் வேகம். குழுவில் சேரும் ஒவ்வொருவருக்கும் தொழில் மொழியிலேயே ஒரு வரவேற்பு அனுப்புவார்: "இன்று முதல் இக்குழுவைத் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது." கூடவே துணைத்தலைவர் பதவியும் கொடுத்துவிடுவார். ஒரு காலத்தில் நம் குழுவில் நாற்பது துணைத்தலைவர்கள் இருந்தார்கள். உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை.

ராயகிரிக்காரரான ஒரு காவலர் அந்த வாசகத்தை உள்ளபடியே எடுத்துக்கொண்டார். குற்றாலத்தில் சீசன் பந்தோபஸ்து பார்த்தவர். அருவியில் நெடுநேரம் நிற்பவர்களை விசிலடித்து வெளியேற்றிப் பழகிய கை. சேர்ந்த இரண்டாம் நாள், மெதுவாக ஓட்டுகிறார்கள் என்று நான்கு பேரைக் குழுவிலிருந்து நீக்கினார். அதில் நானும் ஒருவன். நான் அண்ணாச்சியின் மேசைக்கு ஓடினேன். ஒருவர் நம்மை வெளியே தள்ளிவிட்டதைவிட, தள்ளியது சரிதானோ என்ற சந்தேகமே என்னை அதிகம் நடுங்க வைத்தது. அண்ணாச்சி ஒலிபெருக்கியில் போட்டுக் காவலரை அழைத்தார்.

"ஏலே, எதுக்கு நாலு பேரத் தூக்குன?"

"நீங்கதான எழுதிக் குடுத்தீக அண்ணாச்சி? ஆண்டு அனுபவிச்சுக்கோன்னு."

"அனுபவிச்சுக்கோன்னு எழுதியிருக்கேன். குடியிருக்கவன காலி பண்ணுன்னு எங்கன எழுதியிருக்கு? வாசிச்சுக் காட்டு."

அவர் உண்மையிலேயே வரி வரியாக முணுமுணுத்து வாசித்துப் பார்த்தார். "இல்ல அண்ணாச்சி" என்றார். நான்கு பேரும் திரும்பச் சேர்க்கப்பட்டோம். அன்றிலிருந்து வரவேற்பில் ஒரு வரி கூடியது: "ஏற்கெனவே குடியிருப்பவர்கள் உட்பட."

பிறகு விளையாட்டு மாறத் தொடங்கியது. நமக்குப் பிடித்த மழைப் பாதையை எடுத்தார்கள். முகம் தெரியாதவர்கள் குரல்வழியே காதுக்குள் வந்து வசைபாடும் வசதியைத் தந்தார்கள். பழைய கார்களை மெதுவாக்கினார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு மூன்று பேர் சொல்லாமல் போனார்கள். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் நான் குழுவில் ஒரு நீண்ட புலம்பலை எழுதி வைப்பேன். அண்ணாச்சி ஒரே பதில்தான் தருவார்: "பத்துச் சுத்து ஓட்டிட்டு அப்புறம் வையும் வே." பத்துச் சுற்று ஓட்டிய பிறகு ஏச வேண்டியதில் பாதி மறந்துபோகும். மீதிப் பாதி நியாயமானதாக இருக்கும். அதை அவரே திருத்தமாக எழுதி, விளையாட்டு நடத்துபவர்களுக்கு அனுப்புவார். பதில் வந்ததே இல்லை. "பதிவாயிருக்கும்லா" என்பார்.

இவ்வளவு நம்பிக்கையுள்ள மனிதரை நான் சந்தேகத்தோடுதான் பார்த்து வந்தேன். சென்ற சாரல் பருவத்தில் இருவரும் குற்றாலம் போனோம். அருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்ததால் குளிக்க விடவில்லை. ஒரு சிப்ஸ் கடையின் தகரத்தடியில், அந்த இரைச்சலைக் கேட்டபடி நின்றோம். நேராகவே கேட்டேன்.

"உமக்குப் பயமே கிடையாதா அண்ணாச்சி?"

"இல்லாம என்ன வே? காலைல குழுவத் தெறக்கும்போதே வந்துருது. முதல்ல ஆளுகளத்தான் எண்ணுதேன். ஒரு தலை குறைஞ்சா அன்னைக்குச் சாப்பாடு எறங்காது."

"அப்ப குழுவுல மட்டும் எப்படி இப்படிச் சிரிச்சு எழுதுதீரு?"

"பத்திரத்துல பயத்துக்குன்னு ஒரு பத்தி உண்டா வே? எல்லை இருக்கும், பாத்தியம் இருக்கும். பயந்தவன் எழுதுன பத்திரமும் செல்லும்."

எனக்கு அதற்குப் பிறகு பயம் கூடியது. பயப்படாத ஒருவர் நம்மோடு இருக்கிறார் என்ற ஆறுதலும் போய்விட்டது. அவர் சிப்ஸ் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.

அவர் வீட்டார் கைப்பேசியிலிருந்த அவர் கணக்கை நீக்கிய நாளே விளையாட்டு எனக்கு ஒரு வாழ்த்து அனுப்பியது. தலைவர் இல்லாத காரணத்தால் நான் தலைவராக உயர்த்தப்பட்டேனாம், வண்ணக் காகிதங்கள் திரையில் பறந்தன. இன்னும் ஐந்து நாளில் மாற்றம். ஒன்பது பேர். மூன்றாம் நாள் சேர விண்ணப்பம் ஒன்று வந்தது. விண்ணப்பித்தவர் தனக்கு வைத்துக்கொண்டிருந்த பெயர் எமன்.

பெயரைப் பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் பகுத்தறிவுள்ளவன் என்று பல கட்டுரைகளில் எழுதியிருக்கிறேன். சுலைமானிடம் கேட்டேன். "ஆளக் கூட்டிட்டுப் போக வந்தவரா, நம்மகூடச் சேர வந்தவரான்னு கேட்டுட்டுத் தொறங்கண்ணே" என்றான். கேட்கத் துணிவில்லை. இவரும் எல்லோரையும் வெளியேற்றினால்? காதுக்குள் வசைபாடினால்? நாளையே போய்விட்டால்? கண்ணை மூடிக்கொண்டு ஒப்புதலை அழுத்தினேன்.

பத்தாவது ஆளாக எமன் உள்ளே வந்ததும் தயங்கித் தயங்கி எழுதினார்: "அண்ணே, யாராச்சும் இருக்கீங்களா? எல்லாக் குழுவுலயும் ஆளே இல்ல. பயமா இருக்கு."

அப்போது உள்ளே இருந்தது நான் ஒருவன் மட்டுமே. "இருக்கோம், வாங்க" என்று எழுதினேன்.

அண்ணாச்சி எப்போதும் அப்படித்தான் எழுதுவார். ஆளில்லாத எத்தனையோ பகல்களில் நான் நுழைந்து கேட்கும்போது, அவர் மட்டுமே இருந்துகொண்டு, இருக்கோம் என்பார். அதைப் பத்திர எழுத்தர்களின் மரியாதைப் பன்மை என்று நினைத்திருந்தேன். அவருடைய மேசையையும் கணினியையும் அவர் வீட்டார் எடுத்துப் போய்விட்டார்கள். அந்தப் பன்மையை நான் வைத்துக்கொள்கிறேன்.